ஈர விரலால் வரைந்த வெளிச்சம்

மூன்று வருடங்களுக்கு முன்னால், தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் நடந்தது இது. திருநெல்வேலி டவுணில் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து, பச்சைச் சேலை கட்டிக்கொண்டு திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போய்க்கொண்டிருந்தோம். செய்துங்கநல்லூர் தாண்டி, ஒரு பக்கம் வாழைத்தோப்பும் மறுபக்கம் நெல்வயலுமாக இருந்த சாலையில், எனக்கு முருகனின் வேல் தெரிந்தது. இப்படி எழுத இன்றைக்கும் எனக்குக் கூச்சம் இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அதற்கு முன் என் தலைவலியை அறிமுகப்படுத்திவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்திலிருந்து கூடவே வருகிற ஒற்றைத் தலைவலி. வலது நெற்றியில் ஆரம்பித்து, கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் ரதவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். நாள் முழுக்க குழல்விளக்கும், பட்டுச்சேலைப் பளபளப்பும், கம்ப்யூட்டர் திரையும்தான். தலைவலிக்கு விருந்து வைத்து அழைக்கிற வேலை.

எங்கள் பக்கத்தில் தலைவலி என்றாலே முதல் சந்தேகம் தாமிரபரணி மேல்தான் விழும். "ஆத்துல குளிச்சுட்டு ஈரத்தலையோட நின்னியா?" என்று கேட்பார்கள். தலையில் நீர் கோத்துக்கொண்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். உடனே சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போடுவது, சாம்பிராணி காட்டுவது, நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது எல்லாம் வரிசையாக நடக்கும். குறை சொல்லவில்லை. சளி பிடித்த தலைவலிக்கு அந்த ஆவி எவ்வளவோ இதம். ஆனால் என் வலிக்கு நொச்சி வாசமே ஆகாது. அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

கடைசியில் அலுத்துப்போய், 'முருகா, இந்தத் தலைவலியை நீ வாங்கிக்கொள், நான் நடந்தே வருகிறேன்' என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதலுக்குக் கனம் சேர்க்க, நடக்கிற நாட்களில் காப்பி குடிப்பதில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். காலையில் கண் விழித்ததும் ஒன்று, கடைக்குக் கிளம்புமுன் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று குடிக்கிறவள் நான். தலைவலியைத் தீர்க்கப் போகிறவள் செய்கிற காரியமா அது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கூட்டத்தில் மைனி ஒருத்தி வந்திருந்தாள். மைனி என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணி. உறவு இல்லை, தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். அவள் வீட்டுக்காரர் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர். நல்ல குரல் அவருக்கு, கடையில் இருந்து பேசினால் தெருமுக்கு வரைக்கும் கேட்கும். அந்த மனிதர் கார்த்திகையில் ஒருநாள் ஆற்றில், குறுக்குத்துறையில் குளித்துவிட்டு வந்ததில் இருந்து தலைவலி, தலைவலி என்று படுத்துக்கொண்டிருந்தார். நீர் கோத்திருக்கிறது என்று வீட்டில் பற்றும் ஆவியுமாகப் பார்த்தார்கள். போகவில்லை. பக்கத்து டாக்டர் மாத்திரை கொடுத்துப் பார்த்துவிட்டு, தலையை ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். வீட்டுக்காரருடைய அண்ணன் மட்டும், "தலைக்குள்ள படம் எடுத்தா இல்லாத சீக்கெல்லாம் வரும், பூசம் கழியட்டும்" என்று தட்டிவிட்டார். மைனிக்கு இரண்டு பக்கமும் பயம். "எடுக்கவா வேண்டாமான்னு முருகன்கிட்ட கேக்கத்தான் நடக்கேன். கோயிலுக்குப் போறதுக்குள்ள ஒரு குறி காட்டாம இருக்க மாட்டாரு" என்று முதல் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இரண்டாம் நாள் விடிந்தபோது நாங்கள் ஏற்கெனவே சாலையில் இருந்தோம். அந்தக் காலையை எப்படிச் சொல்வது? வயல் மேல் பனி படுத்திருந்தது. முன்னால் போகிறவர்களின் பச்சைச் சேலை கொஞ்ச தூரத்தில் பயிரோடு கலந்துவிடும், தலையில் இருக்கிற பூ மட்டும் வெள்ளையாக மிதந்து போகும். இடது கைப் பக்கம் எங்கோ ஆறு இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, ஈரக்காற்று மட்டும் வந்தது. கால்வாயில் தண்ணீர் போகிற சத்தமும், யாரோ பாட மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுகிற சத்தமும் ஒன்றாகக் கலந்து கேட்டன. தார்ச்சாலை இன்னும் குளிர்ந்துதான் இருந்தது. தூங்கிக்கொண்டே நடப்பது மாதிரி, கால் தன்பாட்டுக்குப் போனது.

பிறகு வெயில் வந்தது. நாங்கள் கிழக்கு நோக்கி நடப்பதால் நேராக முகத்தில் அடித்தது. வாழை இலைகளின் இடுக்கு வழியாக வெளிச்சம் பட்டுப் பட்டு மறைந்தது. அப்போதுதான், எனக்கு முன்னால் போனவளின் தலையில் இருந்த மல்லிகைச் சரத்தில் நடுத்துண்டைக் காணோம். இந்தப் பக்கம் பூ இருக்கிறது, அந்தப் பக்கம் பூ இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் பிறந்தது.

பொட்டு மெல்ல விரிந்தது. உள்ளே வெறுமையாக இருக்க, விளிம்பு மட்டும் வெள்ளியில் செய்த மாதிரி பல் பல்லாகத் துடித்தது. மேலே கூராகவும் கீழே அகலமாகவும், வாழைத்தோப்புக்கு மேலே வானத்தில் நின்றது. கண்ணைக் கசக்கினேன், போகவில்லை. வயல் பக்கம் திரும்பினேன், கூடவே வந்தது. கண்ணை இறுக்கி மூடினேன். மூடிய கண்ணுக்குள்ளும் அது மின்னிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய சாட்சி வேறு என்ன வேண்டும் என்று நினைத்தேன். வெளியே இருக்கிற பொருள் என்றால் கண்ணை மூடினால் மறைய வேண்டாமா?

அந்தச் சில நிமிடங்களில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். என் கல்யாணத்தில் அப்படி இருந்ததில்லை, பிள்ளை பிறந்தபோதும் அப்படி இல்லை. பில் போடுகிற ஒருத்திக்கு, நடுரோட்டில், இவ்வளவு பேர் இருக்க எனக்கு மட்டும் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. "வேல்! வேல் தெரியுது!" என்று கத்திவிட்டு அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பெண்கள் என்னைச் சுற்றிக் குலவையிட்டார்கள். யாரோ நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள். யாரோ தன் தலையில் இருந்த பூவை எடுத்து என் தலையில் சுற்றினார்கள். நான் என்னவோ சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல நினைத்த வார்த்தை ஒன்று, நாக்கில் வந்தது வேறு. குழறிக் குழறி வந்தது. அதையும் அருள் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் குலவையிட்டார்கள்.

மைனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள். "ஏளா, கேளு. எங்க வீட்டுக்காரருக்கு ஸ்கேன் எடுக்கவா வேண்டாமான்னு கேளு. நீ என்ன சொல்லுதியோ அதான் எனக்கு" என்றாள். என் கண் முன்னால் அவள் முகம் பாதிதான் தெரிந்தது, மீதிப் பாதியில் அந்த வெளிச்சம் துடித்துக்கொண்டிருந்தது. நான் பதில் சொல்வதற்குள் வெளிச்சம் ஓரமாக நகர்ந்து, பார்வையின் விளிம்பில் போய்க் கரைந்துவிட்டது. அது போன இடத்தில், வலது நெற்றியில், எனக்கு நன்றாகப் பழக்கமான ஆணி ஒன்று இறங்கியது.

சுருக்கமாகச் சொன்னால், முருகனைப் பார்த்தவள் சாலையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

அந்த இடத்தில் ஒரு வீடு இருந்தது. வாசலில் மண்பானை வைத்து, நடந்து போகிறவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார் ஓர் அக்கா. முக்காடு போட்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். மோர் செம்பை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார். "தலையா? வெளிச்சத்துல இருக்காத, உள்ள வா" என்றார். எங்கள் கூட்டத்தில் ஒருத்தி, மாலை போட்டிருக்கிறோமே என்று தயங்கினாள். அந்த அக்கா அதைப் புரிந்துகொண்டு, "இந்த வாரம் முழுக்க நீங்கள்லாம் நடக்கிய. அதனால எங்க அடுப்புல மீனு கிடையாது. தைரியமா வாங்க" என்று சிரித்தார். மற்றவர்களை அடுத்த ஊரில் தங்குகிற இடத்துக்கு முன்னால் போகச் சொல்லிவிட்டோம். மைனி மட்டும் போகவில்லை. எனக்கு வாக்கு வரும் என்று வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளறையில் ஒரே ஒரு சன்னல். அந்த அக்கா அதையும் சாத்தி, இடுக்கில் ஒரு சேலையைத் தொங்கவிட்டார். முதல் காரியமாக என் தலையில் இருந்த பூவை எல்லாம் எடுத்து வெளியே வைத்தார். இறுக்கிப் போட்டிருந்த கொண்டையை அவிழ்த்துவிட்டார். கூட வந்தவர்கள் பூசியிருந்த தைலத்தை ஈரத்துணியால் துடைத்து எடுத்தார். "இந்த வாசனதான் குமட்டலக் கூட்டும்" என்றார். பிறகு வேறொரு துணியைப் பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து நெற்றியிலும் கண்ணிலும் போட்டார். தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்க விடாமல், ஒவ்வொரு மிடறாகக் கொடுத்தார். கொஞ்சம் கழித்து உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி வந்தது. நான் வீட்டில் இத்தனை வருடமாகக் கேட்டு யாருக்கும் புரிய வைக்க முடியாத ஒவ்வொன்றையும், கேட்காமலே செய்துகொண்டிருந்தார்.

சிவப்புச் சிமெண்டுத் தரை, முதுகுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. வெளியே பாதயாத்திரைக்காரர்கள் பாடிக்கொண்டு போவது அலை அலையாக வந்து தேய்ந்தது. எங்கோ கோழி கொக்கரித்தது. அரைத்தூக்கத்தில், நான் ஆற்றுக்கு அடியில் படுத்திருப்பது மாதிரியும், எல்லாரும் எனக்கு மேலே நடந்து போவது மாதிரியும் இருந்தது.

"ரோட்டுல என்னம்மா பாத்த?" என்று பக்கத்தில் அவர் குரல் கேட்டது.

"வேல்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "விளிம்பெல்லாம் பல்லு பல்லா இருந்துச்சோ?" என்று கேட்டார்.

நான் நெற்றித் துணியை எடுத்துவிட்டுக் கண்ணைத் திறந்தேன். அவர் செம்புத் தண்ணீரில் விரலை நனைத்து, தரையில் வரைந்துகொண்டிருந்தார். மேலே கூராகி, பிறைபோல் வளைந்து, ஓரமெல்லாம் கோணல்மாணலாக அறுத்த மாதிரி, ஒரு பக்கம் திறந்து கிடந்தது. "மொதல்ல பொட்டா இருக்கும். நடுவுல பார்வை போயிரும். பொறவு இப்படிப் பெருசாகிக்கிட்டே போயி, இங்கன ஓரமா வந்து மறைஞ்சிரும். அது மறையவும் வலி வரும். கண்ண மூடுனாலும் தெரியும்" என்றார்.

வாழைத்தோப்புக்கு மேலே நான் பார்த்தது, அந்தத் தரையில், ஒரு பல்கூடக் குறையாமல் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் இருந்து காய ஆரம்பித்தது.

"எனக்கு மொதல்ல சோறு வடிக்கையிலதான் வந்துச்சு. கண்ணு போகப் போவுதுன்னு அழுது புரண்டேன். கண் டாக்டரு பாத்துட்டு, கண்ணுல ஒண்ணுமில்ல, ஒத்தத் தலவலி வாரதுக்கு முன்னாடி சில பேருக்கு இப்படி வெளிச்சம் காட்டும்னாரு. எதுக்கும் ஒருதரம் பெரிய டாக்டர்கிட்ட காட்டிருன்னாரு. காட்டுனேன். இப்ப பழகிப் போச்சு. வெளிச்சம் வந்தா அடுப்ப அணைச்சுட்டு இங்கன வந்து படுத்துருவேன்."

எனக்கு அழுகை வந்தது. வலியால் இல்லை. என் கையில் யாரோ கொடுத்த ஒன்றை, இன்னொருவர் வந்து மெதுவாகப் பிரித்து வாங்கிக்கொண்டது போல் இருந்தது. அந்த அக்கா மேல் ஒரு கணம் கோபம்கூட வந்தது. முருகன் எனக்குக் காட்டியதை இவர் அடுப்படியில் நின்று பார்த்தாராமே!

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். "விரதம்னு காப்பிய நிறுத்திட்டியோ?" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ரம்ஜான் நோம்பு மொத நாளு எங்க வீட்டுல பாதிப்பேரு தலையப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருப்போம். டீ இல்லாம வார வலி அது. இப்பம்லாம் நோம்புக்கு முந்தியே பையப் பையக் குறைச்சிருவேன். நீ ஒரே நாளுல நிறுத்தி, வெயில்ல வேற நடந்திருக்க. தண்ணியும் சரியாக் குடிச்சிருக்க மாட்ட. தலை என்ன செய்யும் பாவம்?" என்றார். பிறகு எழுந்து போய் அரை டம்ளர் காப்பியோடு வந்தார். வேண்டுதல் என்றேன். "காப்பி குடிக்கக்கூடாதுன்னு முருகனா கேட்டாரு?" என்றார். இல்லை, நானாகத்தான் சொன்னேன் என்றேன். "அப்ப நீயே அவருகிட்ட சொல்லிக்க" என்று டம்ளரை நீட்டினார். குடித்தேன். அதைவிட ருசியான காப்பியை நான் அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை. அப்படியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது வலி பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. நாக்கு தெளிவாகிவிட்டது. மதியத்து லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். மைனி வாசலில் இருந்து உள்ளே வந்து, என் தலைமாட்டில் கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். "இப்பம் சொல்லுளா" என்றாள்.

படுத்துக்கொண்டே யோசித்தேன். 'ஸ்கேன் எடுக்கச் சொல்லுதாரு' என்று முருகன் பேரில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவள் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். அவள் நன்மைக்குத்தானே? உண்மையைச் சொன்னால், குறியும் இல்லை ஒன்றும் இல்லை என்று பூசம் கழிகிற வரைக்கும் சுக்கை இழைத்துக்கொண்டிருப்பாள். வாய் வரைக்கும் வந்துவிட்டது அந்தப் பொய். ஆனால் காலையில் நான் பட்ட சந்தோஷம் உண்மையானது. அதன்மேல் ஒரு பொய்யைக் கொண்டுபோய் ஒட்ட எனக்கு மனசு வரவில்லை.

"மைனி, அது வேலு இல்ல. எனக்கு வாரது ஒத்தத் தலவலி. அதுக்கு முன்னாடி வார வெளிச்சமாம் அது" என்றேன்.

"சும்மா சொல்லாத. நான் பாத்தம்லா? உனக்கு நாக்கே குழறிட்டு" என்றாள். குரலில் கோபம்.

அந்த அக்கா மறுபடியும் விரலை நனைத்து, அதே வெளிச்சத்தை மைனிக்கும் வரைந்து காட்டினார். தனக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறது என்றார். மைனி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பம் உங்களுக்கும் முருகன் வாராரா?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்தால் தலை தெறித்தது.

மைனி மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் மாறிக்கொண்டிருந்தது. "நாக்கு குழறுததும் தலவலியாலதானா?" என்று கேட்டாள்.

"ஆமா மைனி. இந்நேரம் சரியாயிட்டு, பாருங்க."

"அவுகளுக்கும் குழறுது" என்றாள். "கெளம்புததுக்கு முந்துன நாள்லேர்ந்து. ஒரு வார்த்தை தேடித் தேடிச் சொல்லுதாக. ராத்திரி சரியா உறங்கல, அசதின்னு இருந்துட்டோம். செருப்ப ஒரு கால்ல மாட்டிட்டு இன்னொரு காலு வெறுங்காலா நடந்து போறாக. கேட்டா தெரியல."

தலைவலி என்று எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் என்னைக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அதை நான் எத்தனையோ தடவை 'இல்லை, இல்லை' என்று அலட்சியமாகச் சொல்லியிருக்கிறேன். அதே கேள்வியை மைனியிடம் கேட்டேன். "அண்ணாச்சிக்குத் தலையில எங்கயும் அடிபட்டுச்சா?"

"அடியெல்லாம் ஒண்ணுமில்ல. ஆத்துல நீர் கோத்ததுதான்."

"குளிக்கையில?"

மைனி கொஞ்சம் யோசித்தாள். "படித்துறையில பாசி வழுக்கி உக்காந்துட்டேன்னாக. பின்மண்ட லேசா இடிச்சுதாம். வீங்கக்கூட இல்ல. சிரிச்சுக்கிட்டேதான் வந்தாக."

அந்தப் படியை அத்தனை பேரும் மறந்துவிட்டு, இரண்டு மாதமாகத் தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். ஆற்றுக்குப் போய்விட்டு வந்து தலைவலி என்றால் நீர் கோத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் ஊருக்கே ஒரு தீர்மானம். டாக்டரிடமும் குளித்ததைச் சொன்னார்களே தவிர, வழுக்கியதைச் சொல்லவில்லை.

"மைனி, என் தலவலி வரும், படுத்தா போயிரும். நாளைக்கு நான் பழைய மாதிரி. அண்ணாச்சிக்கு நாளுக்கு நாள் கூடிக்கிட்டே போகுது. இதுக்குப் பத்துப் போட்டுக்கிட்டு இருக்கக்கூடாது. பூசம் வரைக்கும் இல்ல, இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்கூட இருக்கக்கூடாது" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. அக்காவும் மைனியின் தோளைப் பிடித்து, "போம்மா. முருகன் எங்கயும் போயிர மாட்டாரு" என்றார்.

மைனி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். "ஏலே, அத்தான கார்ல ஏத்து. பெரிய ஆசுபத்திரிக்கு. ஆத்துல வழுக்கி மண்ட இடிச்சுதுன்னு சொல்லு, மொத வார்த்த அதைச் சொல்லு. ஆமா, இப்பமே. பெரியத்தான் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு" என்றாள். அவ்வளவு நாளும் பதில் தேடிக்கொண்டிருந்தவள், அதைச் சொல்லும்போது ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை.

அக்கா வீட்டுக்காரர் அவளை பஸ் ஏற்றிவிடக் கிளம்பினார். மைனி தன் பையில் இருந்து மஞ்சள் துணியில் சுற்றிய தேங்காயை எடுத்து என் மடியில் வைத்தாள். "இத என் பேருல உடைச்சிரு" என்றாள். கழுத்து மாலையைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டே திருநெல்வேலிக்கு பஸ் ஏறினாள்.

நான் அன்று வெயில் தாழ்ந்த பிறகு அக்காவிடம் சொல்லிக்கொண்டு மெல்ல நடந்து, கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன். வேல் தெரிந்ததா, வாக்கு வந்ததா என்று எல்லாரும் கேட்டார்கள். தலைவலி என்றேன். சிலருக்கு ஏமாற்றம். ஒருத்தி மட்டும், நான் அடக்கத்துக்காக மறைக்கிறேன் என்று இன்றுவரைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு நாள் கழித்து, திருச்செந்தூரில் கடலில் முழுகி எழுந்து, இரண்டு தேங்காயோடு கோயில் வாசலில் நின்றபோது மைனியின் போன் வந்தது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் கசிந்து, இந்த இரண்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கிறது. சின்னத் துளை போட்டு எடுத்துவிட்டார்களாம். இன்னும் சில நாள் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார்களாம். பின்னால் இருந்து அண்ணாச்சியின் குரல் கேட்டது. பழைய சத்தம் இல்லை, ஆனால் வார்த்தை தெளிவாக இருந்தது. "முருகனுக்கு அடிக்க வேண்டிய மொட்டைய இங்கனயே அடிச்சுட்டாவ, அவர்கிட்ட சொல்லிரு!" நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே அழுதேன். சுற்றி இருந்தவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

முதலில் மைனியின் தேங்காயை உடைத்தேன். என் தேங்காயை உடைக்கும்போது, தலைவலியை எடுத்துவிடு என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். கேட்கத் தோன்றவில்லை. காப்பி குடித்ததை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஊருக்கு வந்ததும் நானும் நரம்பு டாக்டரிடம் காட்டினேன். அக்கா சொன்னதுதான் என்றார். புதிதாக நாக்கு குழறினாலோ, கை கால் மரத்தாலோ, இதுவரை வராத மாதிரி வலி வந்தாலோ வீட்டில் படுத்துக்கொண்டிருக்காமல் உடனே வர வேண்டும் என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், நிறையத் தண்ணீர், அளவாகக் காப்பி என்று இப்போது ஓடுகிறது. தலைவலி குறைந்திருக்கிறது, போகவில்லை. வருடா வருடம் தைப்பூசத்துக்கு நடக்கும்போது அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து மோர் குடிக்காமல் தாண்டுவதில்லை. மைனி அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு வருவாள். அந்த மனிதர் பேசுகிற சத்தத்துக்கு எனக்குத் தலைவலி வந்துவிடும்.

எப்போதாவது, பில் போட்டுக்கொண்டிருக்கும்போது, சேலைக் கரையில் ஒரு துண்டு காணாமல் போகும். அந்த இடத்தில் வெளிச்சப் பொட்டு பிறக்கும். கடையில் சொல்லிவிட்டு, பின்னால் சேலை அடுக்குகிற இருட்டு அறையில் போய்ப் படுத்துக்கொள்வேன். கண்ணை மூடினால் வாழைத்தோப்பும் பனியும் குலவைச் சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடைசியில், சிவப்புத் தரையில் ஓர் ஈர விரல் மெல்ல வளைந்து போகும். அது வேல் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அது கரைந்து முடிகிற வரைக்கும் கைகூப்பிக்கொண்டுதான் படுத்திருக்கிறேன்.